மூக்குப் பிரிவு

செப்டம்பர் 4

மதிப்பிற்குரிய சட்டமன்றத் தொடர்பு அலுவலர் அவர்களுக்கு,

வட்டாரத் தொழில் சங்கத்தின் உறுப்பினர், துறைமுகச் சாலை ஐஸ் ஃபேக்டரி உரிமையாளர் எழுதுவது. நான் உறுப்பினர்தானா என்ற சந்தேகம் தங்களுக்கு வரக்கூடாது என்பதற்காக அட்டையின் நகலை இணைத்திருக்கிறேன்.

குளிர்பதனக் கூடங்கள் பாதுகாப்பு மசோதா என்று ஒன்று வந்திருப்பதாக மீன் ஏலக்கூடத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதன் ஒன்பதாம் பிரிவுப்படி, அம்மோனியா வைத்து ஐஸ் போடுகிற ஒவ்வொருவரும் கசிவு அலாரமும், தானாக மூடிக்கொள்ளும் வால்வும் பொருத்த வேண்டுமாம். பொருத்தாதவர் கதவைச் சாத்த வேண்டுமாம். விலை விசாரித்தேன். என் கம்ப்ரசரை விற்றால் அதற்கு அலாரம் வாங்கலாம். பிறகு அலாரத்தை எதன் மேல் மாட்டுவது என்று தெரியவில்லை.

சங்கம் என்ன செய்துகொண்டிருக்கிறது? தலைநகரத்தில் ஏசி அறையில் ஓர் அலுவலரை உட்கார வைத்திருப்பதாகக் கேள்வி. அவர் என்ன செய்கிறார் என்பதை உறுப்பினர் என்ற முறையில் அறிய விரும்புகிறேன்.

இதைச் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வரும் சங்கக் கடிதப் பையில் போட்டிருக்கிறேன். பதிலும் பையிலேயே வரட்டும். போன் வேண்டாம். கம்ப்ரசர் சத்தத்தில் எனக்குக் காது கேட்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உறுப்பினர்


செப்டம்பர் 9

அன்புள்ள உறுப்பினர் அவர்களுக்கு,

அட்டை நகல் கிடைத்தது. போட்டோவில் இருக்கும் மீசை இன்னும் இருக்கிறதா?

கேட்ட கேள்விக்குப் பதில். அவையில் இருக்கிற மசோதாக்களை ஒவ்வொரு வாரமும் மூன்று கட்டமாகப் பிரித்து எழுதுகிறேன். ஆதரவு. எதிர்ப்பு. கவனத்தில். உங்கள் மசோதா எதிர்ப்பில் இருக்கிறது. இப்போது அது தேர்வுக் குழுவில். குழுத் தலைவர் ஒரு பல் டாக்டர். ஆள் மோசமில்லை, சலிப்பானவர். நான் அனுப்பும் குறிப்புகளை அவர் படிப்பதில்லை. யாரும் படிப்பதில்லை.

அவர்கள் பார்ப்பது ஆளை. எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பெயர் முகம். ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு முகம் தேடுவோம். பெரிய கம்பெனிக்காரர்கள் முகமாக முடியாது. போன தடவை ஒரு பேக்கரிக்காரரை அழைத்து வந்தோம். முழங்கை வரை சூடு பட்ட தழும்பு. மூன்று நிமிடம் பேசினார். மசோதா நின்றது.

ஐஸ் ஃபேக்டரி முதலாளி ஒருவர் வந்தால் நல்லது. பேச வேண்டியதைச் சங்கச் செயலாளர் எழுதிக் கொடுப்பார். புதுச் சட்டை வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

அறையில் ஏசி இல்லை. இருந்தது.

இப்படிக்கு,
அலுவலர்

அண்ணி எப்படி இருக்கிறாள்? மூக்கர் மாமா?


செப்டம்பர் 13

அலுவலர் அம்மா அவர்களுக்கு,

ஒரு கதை சொல்கிறேன். என் ஃபேக்டரியில் கணக்கு எழுத என் தங்கச்சி என்று ஒருத்தி இருந்தாள். பெரிய படிப்பு. மூன்று வருஷம் முன்னால், கசிவு அலாரம் வை என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். அதற்குத்தான் கம்ப்ரசர் ஆபரேட்டர் இருக்கிறாரே, ஊசி முனையளவு கசிந்தாலும் தெரு முனையிலேயே கண்டுபிடித்துவிடுவார், அதனால்தானே அவருக்கு மூக்கர் என்று பெயர் என்றேன். "ஒரு மனுஷன் மூக்கை நம்பி எட்டுப் பேர் உசுரை வெச்சிருக்கியா?" என்று கேட்டாள். "இஷ்டம் இருந்தா இரு" என்று நான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். போய்விட்டாள்.

இப்போது அதே அலாரம் வேண்டாம் என்று வாதாட அவளுக்குச் சம்பளமாம். உங்களுக்கு அவளைத் தெரியுமா? பார்த்தால் கேளுங்கள், அம்மணி எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று. ஆதரவா, எதிர்ப்பா?

முகமாக வருகிறேன். ஆனால் என்னிடம் இருக்கிற நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருவேன். பிச்சை கேட்கவா வருகிறேன்?

அண்ணி நன்றாக இருக்கிறாள். மூக்கருக்கு ஜூலையில் காய்ச்சல் வந்து போனது. வயசாகிறது, பயம் வந்துவிட்டது மனுஷனுக்கு. முன்னெல்லாம் மூக்கை நீட்டினால் போதும். இப்போது எப்போது பார்த்தாலும் கந்தகத் திரியைக் கொளுத்திக்கொண்டு குழாய் குழாயாகச் சுற்றி வருகிறார். அம்மோனியா பட்டால் வெள்ளைப் புகை வருமே, அதைப் பார்க்க. ஒரு கட்டுத் திரி ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. "எதுக்குய்யா இதெல்லாம்?" என்றால், "சும்மா இருக்கட்டும் தம்பி" என்கிறார்.

மீசை இருக்கிறது.

உறுப்பினர்


செப்டம்பர் 20

அண்ணா,

அலுவலர், உறுப்பினர் எல்லாம் எனக்குக் களைப்பாக இருக்கிறது. நீ தொடர்ந்தாலும் நான் தொடரப் போவதில்லை.

அந்தத் தங்கச்சியை எனக்குத் தெரியும். காலையில் அவள் முகத்தைத்தான் கழுவுகிறேன். அவளிடம் கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். பல் டாக்டரை அவைக்கு வெளியே பார்ப்பதென்றால் அவருடைய கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே மடியில் ஃபைலோடு நான். பக்கத்திலிருந்த அம்மா, "எந்தப் பல்லும்மா?" என்று கேட்டாள். "ஒன்பதாவது" என்றேன். அறை முழுக்கக் கிராம்பு எண்ணெய் வாசனை. என் கைப்பையில் இன்னும் போகவில்லை.

உள்ளே போனதும் குறிப்பை நீட்டினேன். வாங்கவில்லை. "வாயாலேயே சொல்லும்மா" என்றார். அப்போதுதான் மூக்கர் மாமாவைப் பற்றிச் சொன்னேன். தெரு முனைக் கதை. பக்கத்து ஃபேக்டரியில் கசிந்ததை நம் வாசலிலிருந்தே கண்டுபிடித்துப் போய்ச் சொன்ன கதை. நான் நன்றாகக் கதை சொல்வேன் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவர் கையில் இருந்த சின்னக் கண்ணாடி குலுங்குகிற அளவுக்குச் சிரித்தார். "அப்போ அந்த மூக்குக்கு ஒரு விலக்கு குடுத்திடலாம்" என்றார்.

கொடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள். பத்து வருஷ அனுபவமுள்ள ஆபரேட்டர் இருக்கும் சின்னக் கூடங்களுக்கு அலாரமும் வால்வும் வேண்டாம். திருத்தத்தின் வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் அதற்குப் பெயர் மூக்குப் பிரிவு. செயலாளர் எனக்குக் காபி வாங்கித் தந்தார். மூன்று வருஷத்தில் முதல் காபி.

குழு அக்டோபர் ஆறாம் தேதி உன்னையும் மூக்கர் மாமாவையும் நேரில் பார்க்க வேண்டும் என்கிறது. வெறும் சடங்குதான் என்கிறார்கள்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. எனக்கு ஏன் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை என்று தெரியவில்லை.

தங்கச்சி


செப்டம்பர் 27

இதை யாரிடமும் காட்டாதே. பையில் போடவில்லை, தபாலில் போடுகிறேன்.

உன் கடிதத்தை மூக்கருக்குப் படித்துக் காட்டினேன். கிளினிக், கண்ணாடி, கிராம்பு, எதையும் விடவில்லை. எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கூச்சம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் கம்ப்ரசர் அறைக்குப் போகிறேன், வாசலிலேயே மூச்சு அடைக்கிறது. வால்வுக் கழுத்தில் கசிவு. பெரிசில்லை. ஆனால் எனக்கே தெரிகிறது. உள்ளே மூக்கர் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வழிகிறது. சாவகாசமாக மென்றுகொண்டிருக்கிறார்.

"ஒண்ணும் தெரியலையா?"

"என்ன தெரியணும்?"

"கண்ணு ஏன்யா கலங்குது?"

"தூசி தம்பி. காலையிலேர்ந்து."

கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, நானே ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு போய் வால்வை இறுக்கினேன். திரும்பி வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஜூலைக் காய்ச்சலோடு மோப்பம் போய்விட்டதாம். சோப்பு தெரியவில்லை, மீன் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. வந்துவிடும் வந்துவிடும் என்று காத்திருந்தாராம். அதுவரைக்கும்தான் கந்தகத் திரி. காலையிலும் கொளுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு கசிந்திருக்கிறது.

இரண்டு மாதமாக உன் அண்ணி சமையலைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். மூக்குப் பிரிவை விட்டுவிடாதே. அது போனால் ஃபேக்டரி போச்சு. ஃபேக்டரி போனால் மோப்பம் இல்லாத ஆபரேட்டருக்கு எவன் வேலை கொடுப்பான்? சட்டம் நிறைவேறட்டும். அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். என் மூக்கு இருக்கிறது.

நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். அது ஒன்றுதான் கேட்கிறேன்.

அண்ணன்


செப்டம்பர் 30

அண்ணா,

இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன். ஒன்றில் "அப்போதே சொன்னேனே" என்று எழுதியிருந்தேன். ஒன்றில் அழுதிருந்தேன். மூன்றாவதில் சரி என்று எழுதியிருந்தேன்.

செயலாளர் அறைக்குப் போனேன். யார் என்று சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். "அனுபவம் இருக்கும், ஆனா மோப்பம் போயிட்டிருக்கும். அப்படி ஒரு ஆபரேட்டர் இருந்தா?"

"இருந்தா எங்கேயோ யாரோ ஒருத்தர்தானேம்மா" என்றார். கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெளியே வந்து திருத்தத்தை மறுபடி படித்தேன். பத்து வருஷ அனுபவம் என்று எழுதியிருக்கிறேன். மூக்கு என்ற சொல் அதில் இல்லை. எல்லோரும் மூக்குப் பிரிவு என்கிறோம், சட்டத்தில் மூக்கே கிடையாது. கடற்கரை நெடுக எத்தனை ஐஸ் ஃபேக்டரி. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டூல். அதில் பத்து வருஷமாக ஒருவர். இன்று காலை அவருக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று யார் கேட்கப் போகிறார்கள்? அவரும் சொல்ல மாட்டார். சொன்னால் ஸ்டூல் போய்விடும்.

நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாய். ஏலத்துக்கு யார் போவார்கள்? லாரிக்கு? உனக்குச் சளி பிடித்தால்?

இன்னொன்று. விலக்கு கேட்கத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவகாசம் கேட்கலாம், உதவி கேட்கலாம் என்று இங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எதிர்ப்பு என்று கட்டத்தில் எழுதியபிறகு அதைத் தாண்டி யோசிக்கிற பழக்கம் போய்விட்டது. அதுவும் ஒரு மாதிரி மோப்பம் போவதுதான்.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அது உன் ஃபேக்டரி, அவருடைய மூக்கு. ஆனால் நீ பேச வேண்டியதையும் நான் எழுத மாட்டேன். செயலாளர் தட்டச்சு செய்த மூன்று நிமிடப் பேச்சு இதோடு இருக்கிறது. அதன் அடியில் ஒரு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன். வராவிட்டாலும் சரி, உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

அது பொய்யாகவும் இருக்காது என்று நினைக்கிறேன். புதன்கிழமை அந்தக் கசிவை நீயும்தானே சுவாசித்தாய்.

தங்கச்சி


அக்டோபர் 3

வருகிறோம்.

வெற்றுத்தாளில் உன் அண்ணி மளிகைக் கணக்கு எழுதிவிட்டாள்.

அண்ணன்


அக்டோபர் 8

அண்ணா,

என்ன நடந்தது?

சங்க ஊழியர்கள் உள்ளே வரக்கூடாது என்று கடைசி நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். செயலாளர் மட்டும் போனார். நான் வராந்தாவில் நின்றேன். நீ நீலச் சட்டையில் வந்தாய். கல்யாணத்துக்குத் தைத்தது. காலர் மட்டும் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையாட்டினாய். அல்லது கழுத்தைச் சொறிந்துகொண்டாயோ என்னவோ.

தடிமனான கதவு. பேச்சு கேட்கவில்லை. முதலில் யாரோ கேள்வி கேட்பது போல ஒரு முனகல். பிறகு பெரிய சிரிப்பு. பிறகு கைதட்டல். முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேனா? தெரியவில்லை. வாயில் ஏதோ கசந்தது.

பிறகு சத்தமே இல்லை. நெடுநேரம்.

கதவு திறந்தது. நீ என் பக்கம் பார்க்காமல் நேரே படியிறங்கிப் போனாய். மூக்கர் மாமா மட்டும் நின்றார். "இளைச்சுட்டியே பாப்பா" என்றார். அவ்வளவுதான். அவரும் உன் பின்னால் போய்விட்டார். பஸ் நிலையம் வரை ஓடினேன். எந்தப் பஸ் என்று தெரியாமல் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன்.

செயலாளர் என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "சாட்சி உங்க அண்ணன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்." குழுவின் குறிப்பில் இப்படி இருக்கிறது: "சாட்சி கூடுதலாகச் சில கருத்துகளைத் தெரிவித்தார்." இந்த மாதிரி வாக்கியங்களை நான் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். முதல்முறையாக ஒன்றைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

மசோதாவை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். மாதக் கடைசிவரை வரலாமாம். அதற்குப் பிறகு பேசலாமாம். பேச மாட்டார்கள்.

என்ன சொன்னாய்? கோபமா? என் மேலா?

தங்கச்சி


அக்டோபர் 13

தங்கச்சி,

உன் மேல் கோபம் இல்லை. அன்றைக்கு நின்று பேசியிருந்தால் அந்த வராந்தாவில் அழுதிருப்பேன். நீலச் சட்டையில் அழ முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன். செயலாளர் எழுதியதை நான் மனப்பாடம் செய்திருந்தேன். பொய் சொல்லத்தான் வந்தேன், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

உள்ளே நான் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே உன் பல் டாக்டர் எழுந்து வந்தார். குஷியாக இருந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். லேபிள் இல்லை. மூடியைத் திறந்து மூக்கருடைய மூக்குக்கு நேராக நீட்டி, "இவ்வளவு கேள்விப்பட்டோம், எங்களுக்கும் காட்டுங்க. இது என்ன?" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. மூக்கர் பாட்டிலைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். கண்ணை மூடி நீளமாக இழுத்தார். இழுத்த அழகைப் பார்த்திருக்க வேண்டும் நீ. "கிராம்பு எண்ணெய்ங்க" என்றார்.

சிரிப்பு, கைதட்டல். நீ கேட்டது அதுதான். செயலாளர் என் முதுகில் தட்டினார். டாக்டர், "இதுக்கு மேல சாட்சி எதுக்கு?" என்று உட்காரப் போனார்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியது நான்தானே. கிளினிக் வாசனையை நீ எழுதினாய், நான் வாசித்தேன், அவர் சொன்னார். மூன்று பேரும் சேர்ந்து செய்த வேலை. இவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுதான் என்னை ஆட்டிவிட்டது. கஷ்டப்பட்டுப் பொய் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பேன். இது தானாகவே போய் நின்றுகொண்டது. எல்லோரும் கைதட்டுகிறார்கள், மூக்கர் மட்டும் என்னைப் பார்க்கிறார். புதன்கிழமை ஸ்டூலில் இருந்த அதே முகம். கண் கலங்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் மென்றுகொண்டு.

"ஐயா, அவர் உங்களை முகர்ந்து சொல்லலை. பார்த்துச் சொன்னார்" என்றேன்.

அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்பது வரிசையாக ஞாபகம் இல்லை. காய்ச்சலைச் சொன்னேன். அலாரம் வை என்று மூன்று வருஷம் முன்னாலேயே சொன்னவள் என் தங்கச்சி, உங்கள் வராந்தாவில்தான் நிற்கிறாள் என்றேன். திரியைச் சொன்னேன். என்னிடம் எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்றேன். ஒருத்தர், "அப்போ அலாரம் வேணும்ங்கிறீங்களா?" என்று கேட்டார். "வேணும், ஆனா இப்போ முடியாது, ரெண்டையும் எழுதிக்குங்க" என்றேன். அவகாசம் கேட்டேன். தவணை கேட்டேன். நீ எழுதியதுதான், என் வாயில் கொஞ்சம் கரடுமுரடாக வந்தது. மணி அடித்து மூன்று நிமிஷம் ஆச்சு என்றார்கள். "எனக்கு இன்னும் முடியலை" என்றேன். டாக்டர் அந்த பாட்டிலை மூட மறந்து கையிலேயே வைத்திருந்தார். அறை முழுக்கக் கிராம்பு.

ஏலக்கூடத்தில் பேச்சு என்னவென்றால், மூக்குப் பிரிவு போய்விட்டது. சின்னக் கூடங்களுக்கு ஒன்றரை வருஷ அவகாசம் கொடுப்பார்களாம். தவணையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. வடக்குப் பக்கத்து ஃபேக்டரிக்காரர் என்னைப் பார்த்ததும் காறித் துப்பினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் துப்பியிருப்பேன். ஒன்றரை வருஷத்தில் முடியுமா? தெரியாது. மூடும்படி ஆகலாம். தூக்கம் சரியில்லை. காரணமில்லாமல் எழுந்து போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன் வேலை போனது என்னால்தான். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கணக்கை இப்போது உன் அண்ணி எழுதுகிறாள். அவள் கூட்டல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை தருகிறது. இதை நான் வேறு எதற்காகவும் சொல்லவில்லை. சும்மா தகவல்.

மூக்கரை வேலையை விட்டு அனுப்பவில்லை. கம்ப்ரசர் அறையில் இப்போது நான் இருக்கிறேன், அவர் வாசலில். நேற்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து, அந்த அலாரம் அடித்தால் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? பலமாகத்தான் இருக்கும் என்றேன்.

பிறகு சொல்கிறார், இத்தனை வருஷம் கம்ப்ரசர் பக்கத்தில் இருந்தும் காது மட்டும் நன்றாக இருக்கிறதாம்.

அண்ணன்